பாராமகாலுக்கு வந்த ஃபத்வா

1862ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்னால் அரூர்ப் பக்கமோ பென்னாகரத்துப் பக்கமோ ஒரு கொலை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொன்றவர் இந்து, இறந்தவர் இந்து, சாட்சி சொன்னவர்களும் இந்துக்கள். வழக்கை விசாரித்தவர் கப்பலேறி வந்த ஆங்கிலேய ஜட்ஜ். தண்டனை எந்தச் சட்டப்படி கிடைத்திருக்கும்? மனுதர்மம் என்பார்கள் சிலர், ஆங்கிலச் சட்டம் என்பார்கள் பலர். இரண்டும் இல்லை. அன்றைய சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்த தர்மபுரிக்கு ஏட்டளவில் பொருந்திய குற்றவியல் சட்டம் இஸ்லாமியச் சட்டம். அதிலும், எட்டாம் நூற்றாண்டில் ஈராக்கின் கூஃபா நகரத்தில் உருவான ஹனஃபி மரபு.

இன்று ‘ஷரீஅத் தண்டனை’ என்றதும் வாளும் சவுக்கும்தான் நம் கண்முன் வருகின்றன. எங்கோ பாலைவன நாட்டுச் சங்கதி என்று நினைத்துச் செய்தித்தாளின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். நம் பாட்டன்மார் சுமார் 60 ஆண்டு அந்தச் சட்டத்தின் கீழ் இருந்தார்கள் என்பதும், நம்மூரில் அதற்கு நேர்ந்த மாற்றங்களின் தடம் இன்றைய நீதிமன்றங்களில் இருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாத கதை.

கதை தொடங்குவது அரேபியாவில், இஸ்லாத்துக்கும் முன்னால். அங்கே ஒருவன் கொல்லப்பட்டால் அது அரசின் வழக்கு இல்லை. கேட்க அரசு என்று ஒன்றும் இல்லை. செத்தவனின் குலம் கொன்றவனின் குலத்தில் யாரையாவது கொல்லும். பெரிய குலமாக இருந்தால் ஒரு உயிருக்குப் பத்து உயிர் கேட்கும். பகை தலைமுறை தலைமுறையாக நீளும். அதிலிருந்து வெளியே வர ஒரு வழி ஒட்டகங்கள். நபிகள் நாயகத்தின் பாட்டனார் அப்துல் முத்தலிப், தம் மகனைப் பலியிடுவதாக நேர்ந்துகொண்டு, பிறகு அந்த உயிருக்கு ஈடாக 100 ஒட்டகங்களை அறுத்தார் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. ஒரு உயிரின் ஈட்டுத்தொகை 100 ஒட்டகம் என்ற கணக்கு இஸ்லாமியச் சட்டத்திலும் நிலைத்தது. அதற்குப் பெயர் தியத். நம் செய்தித்தாள்கள் அதைத்தான் ‘ரத்தப் பணம்’ என்று எழுதுகின்றன.

குர்ஆன் இந்தப் பழைய வழக்கத்துக்கு வரம்பு கட்டியது. பழிக்குப் பழி வேண்டுமானால் கொன்றவன் ஒருவனோடு நிற்க வேண்டும். அவன் குலத்தைத் தொடக் கூடாது. இதுதான் கிஸாஸ். வாரிசுகள் விரும்பினால் ஈட்டுத்தொகை வாங்கிக்கொள்ளலாம், எதுவும் வாங்காமல் மன்னித்தும் விடலாம். மன்னிப்பதே மேல் என்றும் சொல்லப்பட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கொலை வழக்கில் முடிவு இறந்தவரின் குடும்பத்தின் கையில் இருந்தது. நீதிபதியான காஜி விசாரிப்பார், அரசன் நிறைவேற்றுவான். ‘விட்டுவிடுகிறேன்’ என்று சொல்லும் உரிமை ஒரு விதவைக்கோ ஒரு மகனுக்கோ இருந்தது.

திருட்டு, விபசாரம், விபசாரம் செய்ததாகப் பொய்ப்பழி சுமத்துவது, மது, வழிப்பறி ஆகியவை வேறு வகை. இவற்றுக்கு ஹத்து என்னும் நிலையான தண்டனை உண்டு. கை வெட்டும் சவுக்கடியும் இங்கேதான் வருகின்றன. ஆனால் சட்டப் புத்தகங்களைத் திறந்தால் ஒவ்வொரு தண்டனைக்கும் முன்னால் ஒரு குறுகலான வாசல். விபசாரத்துக்கு நேரில் கண்ட சாட்சிகள் நால்வர் வேண்டும்; நிரூபிக்க முடியாமல் பழி சொன்னவருக்கு 80 சவுக்கடி. திருடிய பொருள் காவலுள்ள இடத்தில் இருந்திருக்க வேண்டும். ஹனஃபி மரபில் அதன் மதிப்பு 10 வெள்ளி திர்ஹமாவது இருக்க வேண்டும். சந்தேகம் எழுந்தால் ஹத்து விலகிவிடும். இரண்டாம் கலீஃபா உமர், கொடும் பஞ்சம் வந்த ஆண்டில் திருட்டுக்குக் கை வெட்டுவதை நிறுத்திவைத்தார் என்பது சட்ட அறிஞர்கள் திரும்பத் திரும்பக் காட்டும் முன்னுதாரணம்.

இந்த வாசலில் நுழையாத குற்றமெல்லாம் தஃஸீர் என்ற மூன்றாவது வகைக்குப் போயிற்று. அங்கே என்ன தண்டனை, எவ்வளவு என்பது காஜியின் மதிப்பீடு. அதற்கும் அப்பால், நாட்டின் அமைதிக்காக என்று சொல்லி அரசன் தன் கையாலேயே தண்டிக்கும் அதிகாரம் ஸியாஸத். ஏட்டில் குறுகலாக இருந்த வாசலைத் தாண்டிப் பல சுல்தான்கள் தலைகளை உருட்டியது இந்த அதிகாரத்தால்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கூஃபாவில் பட்டுத்துணி வியாபாரம் செய்தவர் அபூ ஹனீஃபா. அவர் மாணவர்கள் அபூ யூசுஃப், ஷைபானி. குருவுக்கும் மாணவர்களுக்கும் ஒரு பெரிய கருத்து வேறுபாடு இருந்தது. கொல்லும் எண்ணம் மனதுக்குள் இருப்பது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆயுதத்தைப் பார் என்றார் அபூ ஹனீஃபா. வாளோ கத்தியோ எடுத்தவன் கொல்லத்தான் எடுத்தான். தடியால் அடித்ததில் ஒருவன் செத்தாலோ, தண்ணீரில் அமுக்கியதில் செத்தாலோ அதை அப்படித் துணிந்து சொல்ல முடியாது. அதற்குக் கிஸாஸ் இல்லை, தியத்தான் என்றார். சாதாரணமாக உயிரைப் பறிக்கக்கூடிய செயல் எதுவானாலும் அது கொலைதான் என்றார்கள் மாணவர்கள். பட்டு வியாபாரியும் அவர் சீடர்களும் பேசிய இந்த வாதம், ஆயிரம் ஆண்டு கழித்துக் கல்கத்தாவில் ஒரு ஆங்கிலேய கவர்னர் ஜெனரலின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

வந்த வழியும் சுவாரசியமானது. இன்றைய உஸ்பெகிஸ்தானின் ஃபர்கானா பள்ளத்தாக்கில் பிறந்த மர்கீனானி, 12ஆம் நூற்றாண்டில் ‘ஹிதாயா’ என்ற சட்ட நூலை எழுதினார். அதே பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர்தான் பாபர். ஹிதாயா எழுதியவர் எங்கள் பக்கத்துக்காரர் என்று தம் நினைவுக்குறிப்பில் பெருமையோடு குறித்திருக்கிறார். பாபருக்கு முன்பே அந்த நூல் டெல்லி மதரஸாக்களில் பாடமாகிவிட்டது. பிறகு 17ஆம் நூற்றாண்டில் ஔரங்கசீப், ஷேக் நிஜாம் என்பவர் தலைமையில் அறிஞர்களைக் கூட்டி ‘ஃபதாவா ஆலம்கீரி’ என்ற பெருந்தொகுப்பைச் செய்வித்தார்.

தமிழகத்துக்கு இஸ்லாமியச் சட்டம் இரண்டு பாதைகளில் வந்தது. காயல்பட்டினம், கீழக்கரைக் கரைகளுக்கு அரபு வணிகர்களின் கப்பலில் வந்தது ஷாஃபி மரபு. அது திருமணம், சொத்து, வியாபாரம் என்று சமூகத்துக்குள் நின்றது. வடக்கிலிருந்து குதிரைமேல் வந்தது ஹனஃபி மரபு. அது வரும்போதே ஆட்சியோடு வந்தது. தர்மபுரிக்கு வந்தது இந்த இரண்டாவது பாதையில். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடப்பை நவாப்பின் கையில் இருந்த, தர்மபுரி அடங்கிய பாராமகால், 1760 வாக்கில் ஹைதர் அலியிடம் போயிற்று; பிறகு திப்புவிடம். ஆனாலும் ஊர்களில் பெரும்பாலான வழக்குகளை ஊர்ப் பஞ்சாயத்தும் நாட்டாரும்தான் தீர்த்திருப்பார்கள். எந்த அரசனின் சட்டப் புத்தகமும் வத்தல்மலை ஏறிப் போய் நின்றதாக நாம் கற்பனை செய்ய வேண்டாம்.

இனி வங்காளத்துக்குப் போக வேண்டும். 1765இல் முகலாயப் பேரரசரிடமிருந்து திவானி என்னும் வரி வசூல் உரிமை பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, ஏட்டின்படி அவரது ஊழியன். ஊழியன் எஜமானின் சட்டத்தை மாற்ற முடியாது. எனவே 1772இல் வங்காள கவர்னர் வாரன் ஹேஸ்டிங்ஸ், குற்ற வழக்குகளில் பழைய இஸ்லாமியச் சட்டமே தொடரட்டும் என்று ஏற்பாடு செய்தார். கம்பெனிக்கு அந்தச் சட்டம் பிடித்துப்போய் எடுத்த முடிவில்லை இது. வரி வசூலிக்க வந்த வியாபாரிகளிடம் வேறு சட்டம் தயாராக இல்லை. இருந்ததை அப்படியே ஓட்டினார்கள். தர்மபுரிக் குடியானவர் பின்னாளில் ஹனஃபி சட்டத்தின் கீழ் வந்ததற்குக் காரணம், தொலைவில் நடந்த இந்த வரிப் பேரம்.

இருந்ததை ஓட்டினார்கள் என்றாலும் ஹேஸ்டிங்ஸுக்கு அது போதவில்லை. காரணம், அது மென்மையாக இருந்ததாம்! அதே 1772 விதிகளில், கொள்ளைக்காரனை அவன் ஊரிலேயே தூக்கிலிட வேண்டும், ஊருக்கு அபராதம், அவன் குடும்பத்தார் அரசின் அடிமைகள் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார். குடும்பத்தையே அடிமையாக்கும் இந்தத் தண்டனை எந்த ஹனஃபி நூலிலும் இல்லாதது. மூன்றாண்டு கழித்து 1775 ஆகஸ்ட் 5 அன்று, கல்கத்தா உச்ச நீதிமன்றம் மகாராஜா நந்தகுமாரைப் பொய்ப்பத்திரம் தயாரித்த குற்றத்துக்காகத் தூக்கிலிட்டது. அது ஆங்கிலச் சட்டப்படி. இஸ்லாமியச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு உயிர் போகாது. அன்றைய இங்கிலாந்தில் 200க்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு. கடையில் 5 ஷில்லிங் பொருளைத் திருடினாலும் கழுத்துக்குக் கயிறு. எது கடுமையான சட்டம், எது கருணையுள்ள சட்டம் என்று நாம் பழகிவைத்திருக்கும் கணக்கு இந்த இடத்தில் குலைகிறது.

சட்டம் தெரியாமல் நீதிபதியாக உட்கார முடியாதே. ஹிதாயாவை முதலில் அரபியிலிருந்து பாரசீகத்துக்கு மாற்றச் செய்தார்கள். அந்தப் பாரசீகத்திலிருந்து சார்லஸ் ஹாமில்டன் என்ற கம்பெனி அதிகாரி ஆங்கிலத்துக்கு மாற்றினார். 1791இல் லண்டனில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஃபர்கானாக்காரர் ஒருவர் எழுதிய நூல், மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாக, ஆங்கிலேய நீதிபதிகளின் கைப்புத்தகமாயிற்று. அபிப்பிராயங்கள் பக்கத்துப் பக்கம் மோதிக்கொள்ளும் விவாத நூலை, ஒரே பதில் சொல்லும் விதிநூலாக அவர்கள் வாசித்தார்கள். இன்று உலகெங்கும் ஷரீஅத்தைப் பிரிவு, உட்பிரிவு என்று எண் போட்டுப் படிக்கும் பழக்கத்துக்கு இது ஒரு பெரிய தொடக்கம் என்பது என் எண்ணம்.

1790இல் தொடங்கி கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் இந்தச் சட்டத்தில் கை வைத்தார். பழைய வீட்டின் வெளிச்சுவரை அப்படியே நிறுத்திவிட்டு உள்ளறைகளை இடித்துக் கட்டுவதுபோல, இஸ்லாமியச் சட்டம் என்ற பெயரை வைத்துக்கொண்டே உள்ளே மாற்றினார். ஆயுதத்தைப் பார்க்காதே, எண்ணத்தைப் பார் என்றார். கூஃபாவின் பழைய வாதத்தில் மாணவர்கள் பக்கம் தீர்ப்பானது. உறுப்பை வெட்டும் தண்டனைக்குப் பதிலாகச் சிறை வந்தது: இரண்டு உறுப்புகள் வெட்ட வேண்டிய இடத்தில் 14 ஆண்டு கடுங்காவல், ஒரு உறுப்புக்கு 7 ஆண்டு. முஸ்லிமல்லாதவர் சாட்சியை, ஒரு முஸ்லிமின் சாட்சியாகவே எண்ணி, நீதிமன்றத்தின் சட்ட அறிஞரான முஃப்தி கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதித்தார்கள்.

நான்காவது மாற்றம்தான் எல்லாவற்றிலும் ஆழமானது. இறந்தவரின் வாரிசுகள் கொலைகாரனை மன்னிக்கும் உரிமை நீக்கப்பட்டது. பணக்காரர்கள் ஏழை வாரிசுகளை மிரட்டியும் விலைக்கு வாங்கியும் தப்பிக்கிறார்கள் என்று கம்பெனி காரணம் சொன்னது. காரணத்தில் உண்மை இருந்தது. ஆனால் மிரட்டலைத் தடுப்பதற்கு வழி தேடாமல் குடும்பத்தையே வழக்கிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து கொலை என்பது அரசுக்கும் குற்றவாளிக்கும் இடையிலான விவகாரம். இறந்தவரின் மனைவி, வெறும் சாட்சி.

வங்காளத்தில் இது நடந்துகொண்டிருந்தபோது பாராமகாலில் என்ன நடந்தது? 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்பு இந்தப் பகுதியை விட்டுக்கொடுத்தார். கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட் நிர்வாகியாக வந்தார். அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் தங்கித் தோட்டம் போட்டு, ஊர் ஊராகக் குதிரையில் சுற்றி நிலத்தை அளந்து ரயத்துவாரி முறையின் அடிப்படையைக் கற்றார். அப்போது வரியும் நீதியும் அந்த ராணுவ அதிகாரிகள் கையிலேயே இருந்தன. 1802இல்தான் சென்னை அரசு முறையான நீதிமன்றங்களை அமைத்தது. சட்டத்தைப் புதிதாக யோசித்து எழுதவில்லை. கார்ன்வாலிஸின் வங்காள விதிகளை எடுத்து, இடப்பெயர்களை மாற்றி, ஏறக்குறைய அப்படியே இறக்கினார்கள். முகலாயர் ஆட்சி மெலிதாகவே படிந்திருந்த தமிழ் நாட்டுக்கு முகலாயச் சட்டம் முழு உருவில் வந்தது இந்த நகல் வேலையால்.

நடைமுறை இப்படி இருந்தது. ஜில்லாவில் பிடிபட்ட கனத்த குற்றவாளி, குறிப்பிட்ட மாதத்தில் ஊருக்கு வரும் சுற்று நீதிமன்றத்துக்காகக் காவலில் காத்திருப்பார். ஆங்கிலேய ஜட்ஜ் நடுவில். பக்கத்தில் காஜியோ முஃப்தியோ. சாட்சிகள் தமிழிலோ தெலுங்கிலோ கன்னடத்திலோ பேசுவார்கள், வாக்குமூலம் எழுதப்படும். எல்லாம் முடிந்ததும் முஃப்தி வழக்குக் கட்டின் கீழே ஃபத்வா என்னும் தம் சட்டக் கருத்தை எழுதி முத்திரை வைப்பார்: குற்றம் நிரூபணமானதா, ஆனதென்றால் சட்டப்படி என்ன தண்டனை. ஜட்ஜும் ஒத்துப்போனால் தீர்ப்பு. ஒத்துப்போகாவிட்டாலோ, தூக்கு அளவுக்குப் போகும் வழக்கானாலோ, கட்டு முழுவதும் சென்னையில் இருந்த ஃபௌஜ்தாரி அதாலத் என்னும் மேல் குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் தலைமை காஜியும் முஃப்திகளும் உண்டு. இந்த மனிதர்களை உருவாக்க 1812இல் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியால் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் இஸ்லாமியச் சட்டமும் இந்துச் சட்டமும் கற்பித்தார்கள். இலக்கணத்துக்காகத் தமிழறிஞர்கள் போற்றும் அதே கல்லூரிதான். லக்னோவின் ஃபிரங்கி மஹல் கல்வி மரபைச் சென்னைக்குக் கொண்டுவந்த பஹ்ருல் உலூம் அப்துல் அலி, அதற்குச் சற்று முன்பு, 1810இல் காலமாகித் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமாகியிருந்தார்.

கம்பெனி தன் சொந்தச் சரக்கையும் இதில் கலந்தது. வங்காளத்திலும் சென்னை மாகாணத்திலும் சில குற்றவாளிகளின் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தினார்கள். 1849இல்தான் அது நின்றது. கடல் கடத்தலும் அவர்கள் கொண்டுவந்ததே. சென்னை மாகாணத்துக் கைதிகள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1856 முதல் சில ஆண்டுகளில் எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். உட்சுவருக்கு நம்மூர்ச் சுண்ணாம்புப் பூச்சு: கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் அந்த வெண்மையைப் பார்த்து வியக்கிறார்கள்.

1816இல் மன்றோவின் யோசனைப்படி சிறு குற்றங்கள் ஊர்த் தலைவர் கைக்குத் திரும்பின. வாய்ச்சண்டை, கைகலப்பு என்றால் 12 மணி நேரம் வரை ஊர்ச் சாவடியில் அடைத்துவைக்கலாம். குற்றம் செய்தவர் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்றால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் காலை மாட்டி உட்காரவைக்கலாம். சட்டத்திலேயே இப்படி எழுதியிருந்தார்கள். மேலே அதாலத்தில் முஃப்தி, குற்றவாளியின் சாதியைக் கேட்காத ஒரு சட்டப்படி ஃபத்வா எழுதிக்கொண்டிருந்த காலத்தில், கீழே சாவடியில் காலுக்கு மரமும் காவலுக்குச் சுவரும் சாதி பார்த்து ஒதுக்கப்பட்டன. மன்றோவை நம் பக்கத்து மக்கள் அன்போடு நினைப்பது நியாயம்தான். இந்தப் பிரிவையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

1834இல் சென்னையில் வந்திறங்கிய மெக்காலே, பல்லக்கில் ஊட்டி ஏறிக் கவர்னர் ஜெனரல் பெண்டிங்க்கைச் சந்தித்துவிட்டுக் கல்கத்தா போனார். 1837இல் அவர் தலைமையிலான குழு தண்டனைச் சட்ட வரைவைத் தந்தது. பழைய சட்டம் எப்படிக் குழம்பிக் கிடக்கிறது என்பதற்கு அவர் சொன்ன உதாரணம் ஒன்று: பொய்ப்பத்திரத்துக்கு வங்காளத்தில் பொய்ச்சாட்சியைப்போல் இரு மடங்கு தண்டனை, பம்பாயில் பொய்ச்சாட்சிக்கு இரு மடங்கு, சென்னையில் இரண்டுக்கும் சமம். வரைவு 20 ஆண்டுக்கு மேல் அலமாரியில் கிடந்து, 1857 கிளர்ச்சி முடிந்தபின் 1860இல் சட்டமாகி, 1862 முதல் நாளில் நடைமுறைக்கு வந்தது. அன்றோடு தர்மபுரியில் ஹனஃபி குற்றவியல் சட்டம் முடிந்தது. 1864இல் காஜி, முஃப்தி அரசுப் பதவிகளையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் திருமணம் நடத்திவைக்கக் காஜி வேண்டும் என்று முஸ்லிம்கள் கேட்டதால் 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. அது முதலில் நடைமுறைக்கு வந்ததே சென்னை மாகாணத்தில்தான். அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ கிடையாது என்று திட்டமாகச் சொல்கிறது. தமிழக அரசு இன்றும் மாவட்டக் காஜிகளை நியமிக்கிறது. 

மெக்காலேயின் சட்டம் பிறகு ஊர் சுற்றப் புறப்பட்டது. 1870களில் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா, 1883இல் இலங்கை, 1899இல் சூடான். சூடானிலிருந்து 1960இல் வடக்கு நைஜீரியாவுக்கு ஒரு கிளை. 1983இல் சூடான் அதிபர் நிமெய்ரி ஹத்துத் தண்டனைகளை அறிவித்தபோதும், 2000இல் நைஜீரியாவின் ஸம்ஃபாரா மாநிலம் ஷரீஅத் தண்டனைச் சட்டம் கொண்டுவந்தபோதும், அவர்கள் எடுத்தது பெரும்பாலும் இந்தப் பழைய இந்தியச் சட்டத்தின் சட்டகத்தைத்தான். பிரிவு எண், விளக்கம், விதிவிலக்கு எல்லாம் அந்த வார்ப்பு. நடுவில் சவுக்கும் கை வெட்டும். கூஃபாவின் வாதங்களும் ‘சந்தேகம் வந்தால் விலகு’ என்ற தயக்கமும் அந்த வார்ப்புக்குள் எளிதில் அடங்குவதில்லை. இருந்தாலும் அந்தத் தயக்கம் முற்றிலும் சாகவில்லை. கல்லெறிந்து கொல்லத் தீர்ப்பான ஒரு நைஜீரியப் பெண்ணை 2003இல் கட்சினா ஷரீஅத் மேல்முறையீட்டு நீதிமன்றமே, பழைய இஸ்லாமியச் சட்ட நூல்களின் நியாயங்களைக் காட்டி விடுவித்தது.

பாகிஸ்தானின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். நம்முடைய பழைய 302ஆம் பிரிவுதான் அவர்களுக்கும் கொலைக்கான பிரிவு. 1979இல் ஜியா உல் ஹக், ஹத்துத் தண்டனைகளுக்கான ஹுதூத் அவசரச் சட்டங்களைப் போட்டார். நீதிமன்ற உத்தரவுப்படி கை வெட்டியதோ கல்லெறிந்து கொன்றதோ அங்கே நிறைவேறவில்லை. ஆனால் வன்புணர்வுக்கு ஆளாகிப் புகார் கொடுத்த பெண்கள் விபசாரக் குற்றம் சாட்டப்பட்டுச் சிறைக்குப் போனார்கள். பெண்ணின் மானத்தைக் காக்க நான்கு சாட்சி கேட்ட விதி, பெண்ணையே குற்றவாளியாக்கும் கருவியானது. 2006இல்தான் அது திருத்தப்பட்டது. 1990இல் கிஸாஸும் தியத்தும் 302க்குள் திரும்பி வந்தன. 1790இல் கார்ன்வாலிஸ் பறித்த மன்னிக்கும் உரிமை, சரியாக 200 ஆண்டு கழித்துக் குடும்பத்திடம் திரும்பியது. திரும்பிய உரிமையை முதலில் வளைத்துக்கொண்டவர்கள் ‘குடும்ப மானம்’ என்று பெண்களைக் கொன்றவர்கள். தங்கையைக் கொன்ற அண்ணனைத் தகப்பன் மன்னித்துவிடுவான். மன்னித்தாலும் ஆயுள் தண்டனை உண்டு என்று 2016இல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

வளைகுடா வேலைக்குப் போன தமிழர்கள் இந்தச் சட்டத்தை நூலில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. இலங்கையின் மூதூரிலிருந்து சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண், தன் பொறுப்பில் இருந்த கைக்குழந்தை இறந்த வழக்கில் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டாள். சம்பவம் நடந்த 2005இல் அவளுக்கு 17 வயது. பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டி அனுப்பியிருந்தார்கள். சரியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் வாங்கியதாக மனித உரிமை அமைப்புகள் சொல்லின. குழந்தையின் பெற்றோர் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று அவள் தலை வெட்டப்பட்டது. பால் புரையேறி இறந்த குழந்தை என்று அவள் கடைசிவரை சொன்னாள். தமிழில் பேசத் தெரிந்த ஒரு நல்ல வக்கீல் முதல் நாளே அவள் பக்கத்தில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இதை எழுத முடியவில்லை.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தொழிலாளி ஒருவர் குவைத்தில் மலப்புரத்துக்காரர் ஒருவரைக் கொன்ற வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றார். இறந்தவரின் மனைவி 30 லட்சம் ரூபாய்க்கு மன்னிக்கச் சம்மதித்தார். தமிழ்நாட்டு மனைவியால் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் புரட்ட முடிந்தது. மீதியைக் கேரளத்தின் பாணக்காட்டு ‘தங்கள்’ குடும்பத்தார் முன்னின்று திரட்டிக்கொடுத்தார்கள். 2017இல் மன்னிப்புக் கடிதம் கைமாறி, தூக்கு ஆயுளாகக் குறைந்தது. கோழிக்கோட்டைச் சேர்ந்த இன்னொருவருக்காக 2024இல் கேரள மக்கள் 34 கோடி ரூபாய் சேர்த்தார்கள். கேட்க மனம் நெகிழ்கிறது. அப்படித் திரட்டிக் கொடுக்க யாரும் இல்லாத ஊர்க்காரனை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. அபூ ஹனீஃபாவின் மரபில் முஸ்லிம் உயிருக்கும் அந்த ஆட்சியில் வாழும் முஸ்லிமல்லாதவர் உயிருக்கும் ஒரே தியத். சவூதி பின்பற்றும் ஹன்பலி மரபில் முஸ்லிமல்லாதவருக்குக் குறைவு. பெண்ணுக்கு எல்லா மரபிலும் பாதி. சாலை விபத்தில் இறந்த ஒரு கொத்தனாரின் குடும்பத்துக்கு எவ்வளவு வரும் என்பதை எட்டாம் நூற்றாண்டின் கருத்து வேறுபாடுகள் இன்றும் தீர்மானிக்கின்றன.

தர்மபுரி மாவட்ட நீதிமன்றத்தில் இன்று கொலை வழக்கில் குடும்பம் மன்னித்தாலும் வழக்கு கலையாது. 2024 ஜூலை 1 முதல் 302 போய்ப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 வந்தபோதும் அந்த நிலை மாறவில்லை. சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் கொலை இல்லை. அது கார்ன்வாலிஸ் போட்ட கோடு. அந்தக் கோடு சரி என்றே நான் நினைக்கிறேன். பணமும் சாதியும் பேசும் ஊரில் மன்னிப்பை யார் எழுதி வாங்குவார்கள் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதோடு சேர்த்துப் பாதிக்கப்பட்டவரையும் வெளியே தள்ளியது தவறு. அவருக்கு இழப்பீடு தர ஒரு திட்டம் வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ பிரிவு சேர 2008 வரை ஆயிற்று.

பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. அரூர் அருகே சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊரைச் சூறையாடி, 18 பெண்களை வன்புணர்வு செய்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்து, அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது. இதில் யாரும் யாரையும் மன்னிக்கவில்லை; சிறைத் தண்டனையும் குறையவில்லை. ஊரில் அந்தப் பெண்கள் காத்திருந்தது 31 ஆண்டுகள்.